அச்சம் நகையான கதை: ‘ஷ்ரெக்’ நான்காம் படமும் பார்ப்போர் கருத்துகளும்

முன்னுரை

கதை சொல்லி முடித்த பாட்டியிடம் ‘அப்புறம்?’ என்று கேட்காத குழந்தை இல்லை. இளவரசனும் இளவரசியும் நெடுங்காலம் இன்புற்று வாழ்ந்தனர் என்று கதையை முடித்தாலும் அக்கேள்வி எழுந்தே தீரும். திரையுலகில் தொடர்ச்சிப் படங்கள் தோன்றுவதற்கும் இக்கேள்வியே வித்து எனலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. குழந்தை உறங்கியதும் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். திரைப்பட நிறுவனமோ, கேட்போர் கொட்டாவி விட்டாலும், நுழைவுச்சீட்டு விற்கும்வரை கதையை நிறுத்துவதில்லை.

அவ்வாறு நான்கு முறை சொல்லப்பட்ட கதை ‘ஷ்ரெக்’. அமெரிக்காவின் டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த அனிமேஷன் நகைச்சுவைப் படவரிசையின் முதற்படம் 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. நான்காம் படமான ‘ஷ்ரெக் ஃபாரெவர் ஆஃப்டர்’ 2010ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இந்நான்காம் படத்தைப் பற்றிப் பார்ப்போரிடையே இருவேறு கருத்துகள் எழுந்தன. சாறு பிழிந்த சக்கை இது என்றனர் ஒரு சாரார். தகுந்த நிறைவு இது என்றனர் மறு சாரார். ஒரே படம் இருவேறு தீர்ப்புகளைப் பெற்றது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

ஷ்ரெக் முதலில் திரையில் பிறந்தவன் அல்லன், ஏட்டில் பிறந்தவன். அவனைப் படைத்தவர் வில்லியம் ஸ்டீக் என்னும் அமெரிக்க ஓவியர். 1907ஆம் ஆண்டு பிறந்த இவர், ‘நியூயார்க்கர்’ இதழில் பல்லாண்டுகள் கேலிச்சித்திரம் வரைந்து புகழ் பெற்றவர். அறுபது வயதை ஒட்டிய காலத்தில்தான் குழந்தைகளுக்காக நூல் எழுதத் தொடங்கினார். எண்பது வயதைக் கடந்த பின்னர், 1990ஆம் ஆண்டு, ‘ஷ்ரெக்!’ என்னும் சிறு படநூலை வெளியிட்டார். அந்நூலில் வரும் அரக்கன் அழகற்றவன். அழகின்மையிலேயே பெருமை கொள்பவன். தன்னைப் போன்றே அழகற்ற இளவரசி ஒருத்தியைத் தேடிச் சென்று மணந்துகொள்கிறான்.

‘ஷ்ரெக்’ என்னும் சொல் இத்திஷ் மொழியைச் சார்ந்தது. ஜெர்மன் மொழியிலும் அதற்கு இனமான சொல் உண்டு. இரண்டிற்கும் பொருள் அச்சம் என்பதே. ஆக, அச்சமே அவனுக்குப் பெயர். இச்செய்தியை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும். நான்காம் படத்தின் உட்பொருளைத் திறக்கும் திறவுகோல் இதுவே ஆகும்.

எள்ளலின் வெற்றி

முதற்படத்தின் தொடக்கக் காட்சியை எண்ணிப் பார்ப்போம். கோபுரத்தில் சிறைப்பட்ட இளவரசி, காவல் காக்கும் டிராகன், மீட்க வரும் வீரன் என ஒரு பழங்கதை ஏட்டிலிருந்து படிக்கப்படுகிறது. படிப்பவன் ஷ்ரெக். இப்படியும் நடக்குமா என்று நகைத்தவாறே அவன் அவ்வேட்டின் தாளைக் கிழித்தெடுக்கிறான். அத்தாள் கழிப்பறைக்குப் பயன்படுகிறது. பழைய கதைமரபின்மீது தொடுக்கப்பட்ட போர் அக்காட்சியிலேயே தொடங்கிவிடுகிறது.

இப்போரில் ஒரு குறிப்பிட்ட இலக்கும் இருந்ததாகப் பார்ப்போர் கருதினர். டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்தை 1994ஆம் ஆண்டு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டேவிட் கெஃபன் ஆகியோருடன் இணைந்து நிறுவியவர் ஜெஃப்ரி காட்சன்பெர்க். இவர் அவ்வாண்டுதான் டிஸ்னி நிறுவனத்தை விட்டு வெளியேறியிருந்தார். முதற்படத்தில் வரும் டுலாக் நகரம் துடைத்து வைத்தாற்போலத் தூய்மையானது. வரிசையில் நிற்கக் கயிறு கட்டியது. பொம்மைகள் பாடி வரவேற்பது. அதனைக் கண்டோர்க்கு டிஸ்னியின் கேளிக்கைப் பூங்கா நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. குழந்தைக்கு விளையாட்டாகவும் பெரியவர்க்குக் குத்தலாகவும் ஒரே காட்சி அமைந்தது. இதனை அங்கதம் என்று நம் இலக்கணம் கூறும்.

படத்தின் முடிவும் மரபை மீறியது. முத்தத்தால் சாபம் நீங்கிய இளவரசி ஃபியோனா பேரழகியாக மாறவில்லை; அரக்கியாகவே நிலைத்துவிடுகிறாள். அழகு என்பது இதுதான் என்று எவரும் வரையறுக்க வேண்டா என்னும் கருத்து சிரிப்பினூடே நெஞ்சில் பதிந்தது.

தொல்காப்பியர் நகை பிறக்கும் களங்களுள் எள்ளலை முதலில் வைத்தார். மருட்கை பிறக்கும் களங்களுள் புதுமையை முதலில் வைத்தார். முதற்படம் இவ்விரண்டையும் ஒருசேரப் பெற்றிருந்தது எனலாம். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் அது இடம்பெற்றது. சிறந்த முழுநீள அனிமேஷன் படத்திற்கென ஆஸ்கார் விருது முதன்முறையாக 2002ஆம் ஆண்டு வழங்கப்பட்டபோது அவ்விருதையும் அதுவே பெற்றது. உலகளவில் 48 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

இரண்டாம் படமும் மூன்றாம் படமும்

2004ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் படம், மணமானபின் மாமனார் வீட்டிற்குச் செல்லும் மருமகனின் சங்கடத்தைக் கதையாகக் கொண்டது. ‘அப்புறம்?’ என்னும் கேள்விக்கு இயல்பான விடை அது. காலணி அணிந்த பூனை என்னும் புதிய பாத்திரமும் அப்படத்தில்தான் நுழைந்தது. உலகளவில் 90 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, அவ்வாண்டின் படங்களுள் வருவாயில் முதலிடம் பெற்றது.

2007ஆம் ஆண்டு வந்த மூன்றாம் படத்தில்தான் சரிவு தொடங்கியது. அரசன் இறக்கிறான், அரியணை ஏற விரும்பாத ஷ்ரெக், ஆர்தர் என்னும் இளைஞனைத் தேடிச் செல்கிறான், ஃபியோனா கருவுற்றிருக்கிறாள், இளவரசியர் கூட்டம் ஒருபுறம், தீயோர் கூட்டம் மறுபுறம். பாத்திரங்கள் பெருகின, ஒருவர் மனமும் ஆழமாகக் காட்டப்படவில்லை. நகைச்சுவை குறைந்து அறிவுரை மிகுந்தது. திறனாய்வுகளைத் திரட்டிக் கணக்கிடும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ அமைப்பின் கணக்கின்படி, முதலிரு படங்களைப் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது திறனாய்வாளர் பாராட்டியிருந்தனர். மூன்றாம் படத்தைப் பாராட்டியோர் பத்துக்கு ஏறத்தாழ நால்வரே.

ஆயினும் வருவாய் குறையவில்லை. முதல் வார இறுதியில் மட்டும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இவ்விடத்து நாம் ஒன்றை உணரலாம். ஒரு தொடர்ச்சிப் படத்தின் முதல் வார வருவாய் அப்படத்திற்குரிய மதிப்பெண் அன்று. அதற்கு முந்தைய படம் சேர்த்து வைத்த நல்லெண்ணத்தின் அறுவடை. அவ்வாறாயின், மூன்றாம் படம் விதைத்த ஏமாற்றத்தை அறுவடை செய்ய வேண்டிய கடமை நான்காம் படத்தின்மேல் விழுந்தது. நான்காம் படத்தின் முதல் வார இறுதி வருவாய் ஏறத்தாழ 7 கோடி டாலராகக் குறைந்ததற்கு இதனையும் ஒரு காரணமாகக் கருதலாம்.

நான்காம் படத்தின் கதை

மைக் மிச்செல் இயக்கிய நான்காம் படத்தின் கதையைச் சுருங்கக் காண்போம். ஷ்ரெக் இப்போது மூன்று குழந்தைகளின் தந்தை. விடிந்தால் குழந்தையின் அழுகை, அடைந்தால் விருந்தினர் கூட்டம் என நாள்கள் ஒன்றுபோலக் கழிகின்றன. முன்பு தீப்பந்தம் ஏந்தி அவனை எதிர்க்க வந்த ஊரார், இப்போது சுற்றுலாப் பயணியராக அவன் வீட்டைப் பார்க்க வருகின்றனர். குழந்தைகளின் முதற்பிறந்தநாள் விழாவில் ஒரு சிறுவன், உறுமிக் காட்டுமாறு அவனை நச்சரிக்கிறான். பொறுமையிழந்த ஷ்ரெக் உண்மையாகவே சினந்து உறுமுகிறான். கூட்டம் அஞ்சி ஓடவில்லை, மகிழ்ந்து ஆரவாரிக்கிறது.

மனம் வெதும்பி வெளியேறும் அவனை ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்னும் வஞ்சகக் குள்ளன் சந்திக்கிறான். மக்கள் அஞ்சும் அரக்கனாக ஒரு நாள் வாழலாம். அதற்கு ஈடாகக் கடந்தகால வாழ்விலிருந்து ஒரு நாளைத் தந்தால் போதும் என்று ஒப்பந்தம் நீட்டுகிறான். ஷ்ரெக் கையெழுத்திடுகிறான். குள்ளன் எடுத்துக்கொண்ட நாளோ, ஷ்ரெக் பிறந்த நாள். அதனால் அவன் பிறவாத உலகம் ஒன்று உருவாகிறது. அங்கே குள்ளனே அரசன். கழுதைக்கு நண்பனைத் தெரியவில்லை. வாள்வீரனான பூனை உடல் பருத்து மெத்தையில் கிடக்கிறது. ஃபியோனா எவரும் மீட்க வாராமையால் கோபுரத்திலிருந்து தானே தப்பி, அரக்கர் படைக்குத் தலைவியாக நிற்கிறாள். மெய்யன்பின் முத்தம் ஒன்றே ஒப்பந்தத்தை முறிக்கும். ஆனால் அவளுக்கோ அவன் யாரென்றே தெரியாது. ஒரு நாளுக்குள் அவளது அன்பை அவன் மீண்டும் பெற்றாக வேண்டும். இதுவே கதை.

குறை கண்டோர் கூற்று

இப்படத்தில் குறை கண்டோர் கூறியவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, புதுமை இன்மை. தான் பிறவாத உலகத்தைக் காணும் மனிதன் என்னும் கரு, ஃபிராங்க் காப்ரா 1946ஆம் ஆண்டு இயக்கிய ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தில் முன்னரே கையாளப்பட்டது. அதன்பின் பல தொலைக்காட்சித் தொடர்களும் இக்கருவை எடுத்தாண்டுவிட்டன. மரபுக் கதைகளைக் கேலி செய்து புகழ் பெற்ற படவரிசை, தானே ஒரு தேய்ந்த தடத்தில் நடந்தது முரண் என்றனர்.

இரண்டாவது, விளைவின்மை. இறுதியில் எல்லாம் பழையபடி ஆகிவிடுமாயின், இடையில் நிகழ்ந்த இழப்புகளுக்கு என்ன மதிப்பு? கழுதையும் பூனையும் ஃபியோனாவும் எதனையும் நினைவில் கொள்ளப்போவதில்லை. கனவில் அழுத கண்ணீர் விடிந்தால் உலர்ந்துவிடும் என்பது இவர்தம் வாதம்.

மூன்றாவது, தேவையின்மை. 2007ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் சிறப்புப் படம், 2008ஆம் ஆண்டு பிராட்வே மேடையில் இசை நாடகம் என ஷ்ரெக் எங்கும் நிறைந்திருந்தான். நான்காம் படம் முப்பரிமாணத்தில் வந்தமையால் நுழைவுச்சீட்டின் விலையும் கூடியது. சொல்வதற்குக் கதை இருந்து எடுத்த படமா, விற்பதற்குப் பெயர் இருந்து எடுத்த படமா என்று இவர்கள் வினவினர்.

நிறை கண்டோர் கூற்று

நிறை கண்டோர் கூற்றிலும் மூன்று செய்திகள் உள. மூன்றாம் படத்தைப் போலப் பல திசையில் சிதறாமல், கதை ஒரே நேர்கோட்டில் சென்றது என்பது முதற்செய்தி. ஒரு பகல் ஓர் இரவு என்னும் கால எல்லை கதைக்கு இறுக்கம் தந்தது. குள்ளனின் பாத்திரம் நகைப்பையும் வெறுப்பையும் ஒருங்கே எழுப்பியது என்பது இரண்டாம் செய்தி.

மூன்றாவதே சிறப்புடையது. அது ஃபியோனாவின் பாத்திரம். முதற்படத்தில் அவள் மீட்கப்பட வேண்டியவள். இங்கே தன்னைத் தானே மீட்டுக்கொண்டவள். மெய்யன்பைப் பற்றிய நம்பிக்கையை அதற்காக விலையாகக் கொடுத்தவள். அத்தகையவளிடம் சென்று, நான் உன் கணவன் என்று கூறுவதால் மட்டும் பயனில்லை என்பதை ஷ்ரெக் உணர்கிறான். முதலில் இடப்படும் முத்தம் பலிக்கவில்லை. அவள் உள்ளத்தில் அன்பு பிறவாமையே காரணம். உரிமையால் அன்றித் தகுதியால் அன்பைப் பெற வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கான படம் ஒன்று இவ்வளவு தெளிவாகக் கூறியது போற்றத்தக்கது. இறுதியில், கோபுரத்திலிருந்து உன்னை நான் மீட்டதாக எண்ணியிருந்தேன். உண்மையில் என்னை மீட்டவள் நீயே என்னும் பொருள்பட அவன் பேசுகிறான். ஒன்பதாண்டுக் கதைக்கு இதனினும் பொருத்தமான முடிவு வேறில்லை என்பது இவர்தம் கருத்து.

எண்ணிக்கையும் இதற்கு ஓரளவு சான்றாகிறது. ராட்டன் டொமேட்டோஸ் கணக்கில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு திறனாய்வாளர் இப்படத்தை ஏற்றனர். தொடக்கம் தளர்ந்திருந்தும் அமெரிக்காவில் மூன்று வார இறுதிகள் தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. உலகளவில் ஈட்டிய ஏறத்தாழ 75 கோடி டாலரில் மூன்றில் இரு பங்கு அமெரிக்காவிற்கும் கனடாவிற்கும் வெளியிலிருந்து வந்தது.

வேறுபாட்டிற்குக் காரணம்

இவ்விரு சாராரும் ஒரே படத்தைத்தான் பார்த்தனர். ஆயினும் வெவ்வேறு அளவுகோல்களைக் கைக்கொண்டனர். முதற்படத்தோடு ஒப்பிட்டவர் வீழ்ச்சியைக் கண்டார். மூன்றாம் படத்தோடு ஒப்பிட்டவர் எழுச்சியைக் கண்டார். 2001ஆம் ஆண்டில் இளைஞராக இருந்து, பழங்கதை ஏடு கிழிபட்ட காட்சியைக் கண்டு அதிர்ந்து சிரித்தவர்க்கு, 2010இல் அவ்வதிர்ச்சி கிட்டவில்லை. 2001இல் குழந்தையாக இருந்தவர்க்கோ, ஷ்ரெக் தம்மோடு வளர்ந்த உறவினன். உறவினனிடம் எவரும் புதுமையை எதிர்பார்ப்பதில்லை. அவன் நலமாக இருக்கிறானா என்றே கேட்பர்.

தொடர்ச்சிப் படம் என்பதாலேயே சுவை குன்றும் என்று கூறுதலும் பொருந்தாது. அதே 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிக்ஸார் நிறுவனத்தின் ‘டாய் ஸ்டோரி 3’ வெளிவந்து, பெரும்பாலோரின் பாராட்டையும் ஆஸ்கார் விருதையும் பெற்றது. பொம்மைக்கு உரியவன் வளர்ந்து கல்லூரிக்குச் செல்லுதல் என்னும் உண்மையான மாற்றத்தை அது எதிர்கொண்டது. மாற்றத்தை மாற்றமாகவே விட்டது. ஷ்ரெக் நான்காம் படமோ மாற்றத்தைக் காட்டிப் பின் அதனைத் துடைத்துவிட்டது. குறை கண்டோரின் இரண்டாம் வாதம் வலிமை பெறுவது இவ்விடத்தேதான்.

எனினும், நாம் கருதும் முதன்மைக் காரணம் இவற்றினும் ஆழமானது. உறுமல் காட்சியை மீண்டும் நோக்குவோம். அச்சம் என்று பெயர் பெற்றவனைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. அவனது சினமும் கேளிக்கைப் பொருளாயிற்று. இது ஷ்ரெக்கின் துயரம் மட்டும் அன்று. ஷ்ரெக் படங்களின் துயரமும் ஆகும். மரபைக் கிழித்தெறிந்த அங்கதம், தானே மரபாயிற்று. விற்பனைப் பொம்மைகளையும் கேளிக்கைப் பூங்காவையும் எள்ளி நகையாடிய படம், தானே விற்பனைப் பொம்மையாயிற்று. யாரைக் கேலி செய்கிறோமோ அவர்களே கைதட்டி வரவேற்கும் நாளில் அங்கதத்தின் பல் விழுந்துவிடுகிறது. நான்காம் படம் தன் நோயைத் தானே அறிந்திருந்தது. முதற்காட்சிகளிலேயே அதனை நேர்மையாக எடுத்துரைக்கவும் செய்தது. ஆனால் நோயை அறிந்த அளவிற்கு மருந்தை அறிந்திருக்கவில்லை. உள்ளது போதும் என்று மனநிறைவு கொள்க என்பதே அது தந்த மருந்து. இல்வாழ்வார்க்கு அது நல்ல மருந்து; அங்கதத்திற்கு அது போதாது.

எனவே இரு சாராரும் உண்மையே உரைத்தனர் எனலாம். எள்ளலை நாடிச் சென்றவர் வெறுங்கையோடு திரும்பினர். உவகையையும் சிறிது கண்ணீரையும் நாடிச் சென்றவர் நிறைவோடு திரும்பினர்.

முடிவுரை

நான்காம் படம் ‘இறுதி அத்தியாயம்’ என்றே விளம்பரம் செய்யப்பட்டது. ஆயினும் கதை முடியவில்லை. பூனையைத் தலைவனாகக் கொண்டு 2011ஆம் ஆண்டில் ஒரு படமும், ஜோயல் கிராஃபர்ட் இயக்கத்தில் 2022ஆம் ஆண்டில் ‘புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்’ என்னும் மற்றொரு படமும் வந்தன. பின்னதில், ஒன்பது உயிர்களுள் எட்டினை இழந்த பூனையைச் சாவு ஓநாய் வடிவில் துரத்துகிறது. பார்த்த குழந்தைகளும் பெரியவர்களும் உண்மையாகவே அஞ்சினர், அஞ்சியவாறே பாராட்டினர். இழந்த அச்சம் மீண்டபோது கதைக்கும் உயிர் மீண்டது. எத்தனையாவது படம் என்பதன்று, எதனைப் பணயம் வைக்கிறது என்பதே ஒரு கதையின் வலிமையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

ஷ்ரெக்கின் ஐந்தாம் படம் உருவாகும் என்று 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதனைக் குறித்தும் இருவேறு கருத்துகள் எழாமல் இரா. அப்போது நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி ஒன்று உண்டு. ஒரு படைப்பைப் பழிக்குமுன், அதனிடம் நாம் எதை நாடிச் சென்றோம் என்று நம்மையே வினவிக்கொள்ளுதல் வேண்டும். புகழுமுன், பழைய அன்பினால் புகழ்கிறோமா, புதிய தகுதியைக் கண்டு புகழ்கிறோமா என்றும் வினவிக்கொள்ளுதல் வேண்டும். பழைய உரிமையைக் காட்டி ஃபியோனாவின் அன்பை ஷ்ரெக்கினால் பெற இயலவில்லை. மீண்டும் ஒருமுறை தகுதியால்தான் பெற வேண்டியிருந்தது. தொடர்ச்சிப் படங்களுக்கும் அதுவே விதியாகும். ‘அப்புறம்?’ என்று கேட்கும் குழந்தைக்கு விடை சொல்வது தவறன்று. விடையைக் கேட்டபின் அக்குழந்தை மறுபடியும் ‘அப்புறம்?’ என்று விழி விரியக் கேட்குமாறு சொல்லுதல் வேண்டும். அவ்வளவே.